இரண்டு ஒலிகளும் ஓர் உடன்பாடும்

(வெள்ளி விழா மாணவர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவது வழக்கம். அதனை நம்மினும் சிறப்பாகப் பேசவல்ல சான்றோர் பலர் இங்குள்ளனர். ஆதலின் நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொள்ள விழைகின்றோம். அமெச்சூர் வானொலி என்பதைச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். ஊதியம் கருதாது, வணிக நோக்கம் இன்றி, அறிவின் பொருட்டு வானொலி நிலையம் அமைத்து உலக மக்களோடு தொடர்பு கொள்ளும் பயிற்சி அது. அவர்களை ஹாம்கள் என்று அழைப்பர். அவர்கள் பேசியும் தொடர்பு கொள்வர். மார்ஸ் தந்திக் குறியாலும் தொடர்பு கொள்வர். தட்டச்சு செய்தும் தொடர்பு கொள்வர். இம்மூன்றாவது முறைக்கு ரேடியோ டெலிடைப் என்று பெயர். அதில் இரண்டே இரண்டு ஒலிகள்தாம். அவ்விரண்டில் எது மேல், எது கீழ் என்னும் ஓர் உடன்பாட்டைப் பற்றியே இன்று பேசப் போகின்றோம். இது என்ன சிறு பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். அதனை அறியாமல் நாம் ஒரு முழு நாளை இழந்தோம். ஒரு மாணவியின் மனத்தையும் புண்படுத்தினோம்.

பள்ளியில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன், செப்டம்பர் மாதத்தின் இறுதியில் ஒரு சனிக்கிழமை. காலாண்டு விடுமுறைக் காலம். நாம் பணியாற்றும் அரசுப் பள்ளியின் அறிவியல் மன்றத்திற்காக, உரிமம் பெற்ற ஹாம் நண்பர் ஒருவர் தம் வானொலி ஏற்பியைக் கொணர்ந்து அமைத்துத் தந்துவிட்டு, ஓர் அவசர வேலையாகத் தம் ஊருக்குச் சென்றுவிட்டார். அந்த வார இறுதியில்தான் உலக அளவிலான ரேடியோ டெலிடைப் போட்டி நடைபெறும். ஆண்டுதோறும் செப்டம்பரின் கடைசி முழு வார இறுதியில் 48 மணி நேரம் அது நடக்கும். 14 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் நிலையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒலிக்கும். அச்செய்திகளைக் கணினித் திரையில் எழுத்தாகப் படிக்கலாம் என்று மாணவர்களுக்கு வாக்களித்திருந்தோம்.

ஏற்பியில் ஒலி வந்தது. இரு சுரங்கள் மாறி மாறி, சில்வண்டு போல் இடைவிடாது ஒலித்தன. கணினித் திரையில் தண்டவாளங்கள் போல் இரு கோடுகள் தெளிவாக ஓடின. ஆனால் எழுத்துகள்? ஒரு சொல்லும் பொருள் தரவில்லை. எழுத்தும் எண்ணும் குறியும் கலந்த உளறல்.

கணினியின் முன் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி அமர்ந்திருந்தாள். வீட்டில் முதன்முதலாகப் பள்ளி வாசலை மிதித்தவள் அவள். "அம்மா, நீ ஏதோ தவறாக அழுத்திவிட்டாய், எழுந்திரு" என்று அவளை நகர்த்திவிட்டு நாமே அமர்ந்தோம். உளறல் மாறவில்லை. வான்கம்பியைக் கழற்றி மாட்டினோம். வேப்பமரத்துக் கிளையிலிருந்து மாடிச் சுவருக்கு மாற்றிக் கட்டினோம். மண்ணில் புதைத்த கம்பிக்கு நீர் ஊற்றினோம். மாலை வரை அப்படியே கழிந்தது. மாணவர்கள் ஒவ்வொருவராக வீடு திரும்பினர்.

அந்த மாணவி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "ஐயா, இரண்டு ஒலியில் எது 'ஆம்', எது 'இல்லை' என்று யார் முடிவு செய்தது? நாம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தால்?" நாம் களைப்பில் இருந்தோம். "அதெல்லாம் இயந்திரத்துக்குத் தெரியும்" என்று கூறிவிட்டோம். மறுநாள் ஞாயிறு பிற்பகல் நண்பர் திரும்பினார். திரையை ஒரு முறை பார்த்தார். ஏற்பியில் ஒரே ஒரு பொத்தானை அழுத்தினார். உளறல் நின்றது. எழுத்துகள் வரிசையாக நடந்து வந்தன. அவள் கேட்ட கேள்வியே சரியான கேள்வி. அவள் எதையும் தவறாக அழுத்தவில்லை.

ஐந்து விளக்குகள்

அந்தப் பொத்தான் என்ன செய்தது என்பதை அறிய, முதலில் எழுத்து எவ்வாறு ஒலியாகின்றது என்பதை அறிதல் வேண்டும்.

பிரான்சு நாட்டின் தந்திப் பொறியாளர் எமில் போடோ என்பார், ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்து குறிகள் கொண்ட சமநீளக் குறியீட்டை அமைத்து 1874ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். பின்னர் நியூசிலாந்தில் பிறந்த டொனால்டு மரே அதனைத் தட்டச்சுப் பொறிக்கு ஏற்றவாறு மாற்றி அமைத்தார். அவ்வழி வந்த குறியீடே உலகெங்கும் டெலிபிரிண்டர்களில் வழங்கிற்று. சென்னை கிண்டியில் 1960ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் தொழிற்சாலையின் பெயரை மூத்தோர் அறிவர். தந்தி அலுவலகங்களில் கடகடவென்று ஒலித்த அப்பொறிகளை நாம் இளமையில் சன்னல் வழியே பார்த்ததுண்டு. இந்தியாவில் தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு சூலைத் திங்களில் முடிவுற்றது. அந்த ஐந்து குறிக் குறியீடோ ஹாம்களிடம் இன்றும் உயிரோடு உலவுகின்றது.

ஐந்து விளக்குகளை வரிசையாக வைத்ததாகக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் எரியலாம், அணையலாம். எத்தனை வகையில் எரிய வைக்கலாம்? இரண்டை ஐந்து முறை பெருக்குங்கள், 32. எரிதலுக்கு மார்க் என்றும் அணைதலுக்கு ஸ்பேஸ் என்றும் பெயர். 'ஈ' என்னும் ஆங்கில எழுத்துக்கு முதல் விளக்கு மட்டும் எரியும். 'டி' என்னும் எழுத்துக்கு ஐந்தாம் விளக்கு மட்டும் எரியும். 'ஆர்' எழுத்துக்கு இரண்டும் நான்கும். 'ஒய்' எழுத்துக்கு ஒன்றும் மூன்றும் ஐந்தும். ஆரும் ஒய்யும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். அதனால்தான் பொறியைச் சோதிக்க 'ஆர் ஒய் ஆர் ஒய்' என்று தொடர்ந்து அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது.

ஆங்கில எழுத்துகள் 26. எண்கள் 10. நிறுத்தக் குறிகள் வேறு. இருப்பவையோ 32 இடங்கள். எனவே ஒரே குறியை எழுத்துக்கும் எண்ணுக்கும் பொதுவாக்கி, 'இனி வருவது எண்', 'இனி வருவது எழுத்து' என்று அறிவிக்க இரு தனிக் குறிகளை வைத்தனர். தட்டச்சுப் பலகையின் மேல் வரிசை எழுத்துகளே எண்களாகவும் பணி செய்யும். இடையூறு ஒலியால் 'இனி வருவது எண்' என்னும் அறிவிப்பு ஒன்று காணாமற்போனால் 599 என்னும் எண் 'டி ஓ ஓ' என்று அச்சாகும். பழகியவர் அதனைப் பார்த்த அளவில் 599 என்று படித்துக்கொள்வர். பழகாதவர் திகைப்பர்.

ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னே ஒரு தொடக்கக் குறி ஸ்பேஸாக வரும். பின்னே ஒரு முடிவுக் குறி மார்க்காக வரும். ஹாம்களின் வழக்கமான வேகத்தில் தொடக்கக் குறிக்கு 22 மில்லி விநாடி, ஐந்து விளக்குகளுக்கும் தலா 22, முடிவுக்கு 31. கூட்டினால் 163 மில்லி விநாடி. ஒரு விநாடிக்கு ஏறத்தாழ ஆறு எழுத்துகள். நிமிடத்திற்கு அறுபது சொற்கள். 22 மில்லி விநாடியைத் தலைகீழாக்கினால் கிடைக்கும் 45.45 என்பதே 'பாட்' கணக்கில் இதன் வேகம்.

இப்போது மார்க்கும் ஸ்பேஸும் இடம் மாறினால் என்ன நேரும்? 'ஈ' என்னும் எழுத்தின் விளக்குகளைத் தலைகீழாக்கினால் 'வி' ஆகும். 'ஏ' எழுத்து 'எம்' ஆகும். சொற்களுக்கு இடையேயுள்ள வெற்றிடம், 'இனி வருவது எண்' என்னும் அறிவிப்பாக மாறும். இத்துடன் நின்றால், மாற்றெழுத்துப் பட்டியல் ஒன்றை வைத்துப் படித்துவிடலாம். ஆனால் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும்கூடத் தலைகீழாகிவிடுகின்றன. எழுத்து எங்கே தொடங்குகின்றது என்பதே பொறிக்குத் தெரியாமற்போகின்றது. அன்று நம் திரையில் வந்த உளறல் இதுவே.

குளத்தில் தெரியும் பனைமரம்

மார்க்கும் ஸ்பேஸும் இடம் மாறியது எவ்வாறு? இங்கேதான் பக்கப்பட்டை வருகின்றது. மேனிலைப் பள்ளி இயற்பியலில் ஊர்தி அலை, பண்பேற்றம், மேல் பக்கப்பட்டை, கீழ் பக்கப்பட்டை என்று படித்திருப்பீர்கள். தேர்வுக்குப் படித்து மறந்த அதனைச் சற்றே நினைவுகூர்வோம்.

ஹாம்களின் ஒற்றைப் பக்கப்பட்டைக் கருவியில் ஊர்தி அலை அடக்கப்பட்டுவிடும். ஒலிவாங்கி வழியே நாம் ஓர் ஒலியைக் கொடுத்தால், மேல் பக்கப்பட்டையில் அது கருவியின் எண்ணோடு கூட்டப்பட்டு வெளிவரும். கீழ் பக்கப்பட்டையில் கழிக்கப்பட்டு வெளிவரும். அவ்வளவே. ஒன்று கூட்டல், மற்றொன்று கழித்தல்.

கணக்காகவே பார்ப்போம். ஹாம்களின் பரவலான வழக்கில் மார்க் ஒலி 2125 ஹெர்ட்ஸ். ஸ்பேஸ் ஒலி 2295 ஹெர்ட்ஸ். இடைவெளி 170 ஹெர்ட்ஸ். கருவியை 14,085 கிலோஹெர்ட்ஸில் நிறுத்திக் கீழ் பக்கப்பட்டையில் அனுப்புகின்றோம். மார்க் 14,085 கழித்தல் 2.125, அதாவது 14,082.875 கிலோஹெர்ட்ஸ். ஸ்பேஸ் 14,085 கழித்தல் 2.295, அதாவது 14,082.705. காதில் தாழ்ந்து ஒலித்த மார்க், வானில் உயர்ந்து நிற்கின்றது. இதே ஒலிகளை மேல் பக்கப்பட்டையில் அனுப்பினால் மார்க் 14,087.125, ஸ்பேஸ் 14,087.295. இப்போது வானில் மார்க் தாழ்ந்துவிட்டது.

குளக்கரையில் நிற்கும் பனைமரத்தை நேரே பார்த்தால் குருத்து மேலே, தூர் கீழே. நீரில் பார்த்தால் குருத்து கீழே, தூர் மேலே. மரம் ஒன்றே, பார்க்கும் பக்கம் வேறு. கீழ் பக்கப்பட்டை நீரில் தெரியும் உருவம் போன்றது.

சிற்றலை வரிசைகளில் ஹாம்கள் செய்துகொண்ட உடன்பாடு இதுதான்: வானில் மார்க் உயர்ந்த அதிர்வெண்ணாகவும், ஸ்பேஸ் அதனினும் 170 ஹெர்ட்ஸ் தாழ்ந்ததாகவும் இருத்தல் வேண்டும். ஒலியில் மார்க் தாழ்ந்தது என்று கொண்டமையால், அதனைத் தலைகீழாக்கும் கீழ் பக்கப்பட்டை தேவையாகின்றது. பேச்சுக்குரிய வழக்கமோ வேறு. பொதுவாக 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே கீழ் பக்கப்பட்டை, மேலே மேல் பக்கப்பட்டை என்பர். ரேடியோ டெலிடைப் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை. எல்லாச் சிற்றலை வரிசைகளிலும் அதற்குக் கீழ் பக்கப்பட்டையே வழக்கு.

நம் பள்ளியில் நிகழ்ந்தது என்ன? நண்பர் அதற்கு முந்தைய நாள் வேறொரு முறையைக் கேட்டுவிட்டு ஏற்பியை மேல் பக்கப்பட்டையிலேயே விட்டுச் சென்றிருந்தார். வானில் 14,082.875இல் நின்ற மார்க், மேல் பக்கப்பட்டையில் 14,080.580இல் நிறுத்திய ஏற்பியில் 2295 ஹெர்ட்ஸாக ஒலிக்கும். ஸ்பேஸ் 2125ஆக ஒலிக்கும். இரு கோடுகளும் திரையில் வரவேண்டிய இடத்தில் வந்து நின்றன. இடைவெளியும் சரியாக 170. எல்லாம் சரிபோலவே தோன்றிற்று. ஆனால் இரண்டும் இடம் மாறி அமர்ந்திருந்தன. ஆதலின் வான்கம்பியை எத்தனை மரத்தில் மாற்றிக் கட்டினும் பயனில்லை. குறை கம்பியில் இல்லை. உட்கார்ந்திருந்த பிள்ளையிடமும் இல்லை.

இவ்வெண்கள் எங்கிருந்து வந்தன?

2125 என்னும் எண்ணுக்கு இயற்கையில் ஒரு சிறப்பும் இல்லை. அமெரிக்கக் கம்பித் தந்தியில், ஒரே கம்பி வழியே பல செய்திகளை ஒருங்கே அனுப்புவதற்காக, 425 ஹெர்ட்ஸில் தொடங்கி 170 ஹெர்ட்ஸ் இடைவெளியில் ஏணிப்படி போல் ஒலிகளை அமைத்திருந்தனர். 425இலிருந்து பத்துப் படி ஏறினால் 2125. அடுத்த படி 2295. பதினைந்தாம் படி 2975. தந்திக்காரரின் ஏணிப்படிகளையே ஹாம்களும் பயன்படுத்தினர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், கழிக்கப்பட்ட பழைய டெலிடைப் பொறிகள் அமெரிக்க ஹாம்களின் கைக்கு வந்தன. 1953ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம், சிற்றலை வரிசைகளிலும் அதிர்வெண் பெயர்ப்பு முறையில் டெலிடைப் அனுப்ப அவர்களுக்கு இசைவளித்தது. அக்காலத்தில் மார்க்குக்கும் ஸ்பேஸுக்கும் இடையே 850 ஹெர்ட்ஸ் விட்டனர். ஒலியில் 2125, 2975. பின்னர் 170 ஹெர்ட்ஸே போதும் என்று கண்டனர். இடம் சுருங்கிற்று, அண்டை நிலையங்களுக்கும் இடம் கிடைத்தது. தொலைபேசி நிறுவனங்கள் கழித்த 88 மில்லிஹென்றிக் கம்பிச்சுருள்களைக் கொண்டு அவர்கள் இவ்வொலிகளைப் பிரிக்கும் வடிகட்டிகளைத் தாமே செய்துகொண்டனர். பிறர் வீசியதை எடுத்து அறிவால் கருவியாக்கினர். கையில் பணமில்லை என்று அறிவியலை விட்டு விலகும் இளைஞர்கள் இதனைக் கருதுதல் வேண்டும்.

ஐரோப்பாவில் பலர் வேறு ஒலிகளைக் கொண்டனர். ஒற்றைப் பக்கப்பட்டைக் கருவியின் வடிகட்டியில் 2975 எளிதில் நுழையாது. எனவே 850 இடைவெளிக்கு 1275, 2125 என்று வைத்தனர். 170 இடைவெளி வந்தபோது அது 1275, 1445 ஆயிற்று. தாழ்ந்த ஒலிகள் என்று இவற்றை அழைப்பர். இதிலும் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. ஒலியை அளவுக்கு மீறிக் கொடுத்தால் அதன் இருமடங்கு அதிர்வெண்ணும் பிறக்கும். 1275இன் இருமடங்கு 2550. அது வடிகட்டியின் வழியே வெளியேறி அண்டையாரைத் துன்புறுத்தும். 2125இன் இருமடங்கு 4250. அதனை வடிகட்டி தடுத்துவிடும்.

சரி, ஒருவர் 2125இல் அனுப்ப, மற்றொருவர் 1275இல் கேட்டால் தொடர்பு அமையுமா? அமையும். மேற்கூறிய 14,082.875 கிலோஹெர்ட்ஸ் மார்க்கையே எடுத்துக்கொள்வோம். 1275 ஒலி கொண்டவர் தம் கருவியைக் கீழ் பக்கப்பட்டையில் 14,084.150இல் நிறுத்தினால் போதும். மார்க் அதே இடத்திற்கு வந்துவிடும். வானில் செல்வது இரு வானலைகள் மட்டுமே. எந்த ஒலியால் அவை பிறந்தன என்பது கேட்பவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. ஒலி என்பது அவரவர் வீட்டு வழக்கம். வானில் எது உயர்ந்து நிற்பது என்பதே ஊர்ப் பொது உடன்பாடு. வீட்டு வழக்கத்தை ஊர் வழக்கம் என்று மயங்குவதாலேயே பல குழப்பங்கள் விளைகின்றன.

அவ்வாறாயின் மேல் பக்கப்பட்டையில் ரேடியோ டெலிடைப் இயலவே இயலாதா எனின், இயலும். ஒலியையும் தலைகீழாக்கிவிட வேண்டும். மார்க்கை 2295ஆகவும் ஸ்பேஸை 2125ஆகவும் வைத்து மேல் பக்கப்பட்டையில் அனுப்பினால், வானில் மார்க் உயர்ந்தே நிற்கும். இதற்கெனவே மென்பொருள்களில் தலைகீழ் மாற்று என்று ஒரு பொத்தான் உண்டு. பக்கப்பட்டையும் ஒலியும் இரண்டும் மாறினால் விளைவு சரி. ஒன்று மட்டும் மாறினால் உளறல்.

புதியவர்க்கு நேரும் மயக்கம்

இன்றைய இளைஞர்க்கு இது கூடுதல் தொல்லை தருவதற்கு ஒரு காரணம் உண்டு. 1998ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் பீட்டர் மார்ட்டினஸ் அமைத்த பி.எஸ்.கே. 31 என்னும் முறை கணினியின் ஒலி அட்டை வழியே பரவிற்று. 2017இல், இயற்பியலுக்கு 1993ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற ஜோசப் டெய்லரும், ஸ்டீவ் பிராங்கும் எப்.டி. 8 என்னும் முறையை அளித்தனர். இம்முறைகளில் எல்லா வரிசைகளிலும் மேல் பக்கப்பட்டையே வழக்கு. கருவியின் எண்ணோடு ஒலியைக் கூட்டினால் வானின் அதிர்வெண் கிடைத்துவிடுமாதலால் அது எளிது. இப்பழக்கத்தோடு வருபவர் கருவியை மேல் பக்கப்பட்டையிலேயே வைத்துக்கொண்டு ரேடியோ டெலிடைப்புக்குள் நுழைகின்றார், உளறலைக் காண்கின்றார், தம் கருவி பழுது என்றோ, தமக்கு அறிவு போதாது என்றோ எண்ணி விலகிவிடுகின்றார். நம் நண்பரின் ஏற்பி மேல் பக்கப்பட்டையில் இருந்ததும் அவர் எப்.டி. 8 கேட்டதன் விளைவே.

ஆர்வமுள்ள மாணவர்கள் குறித்துக்கொள்வதற்காகச் சிலவற்றைத் தொகுத்துக் கூறுகின்றோம்.

முதலாவது: சிற்றலையில் ரேடியோ டெலிடைப் கேட்பதாயின், கீழ் பக்கப்பட்டை, மார்க் 2125, இடைவெளி 170, வேகம் 45.45. இந்நான்கையும் முதலில் சரிபாருங்கள்.

இரண்டாவது: கோடுகள் தெளிவாக இருந்தும் எழுத்துகள் உளறினால், வான்கம்பியைத் தொடாதீர்கள். தலைகீழ் மாற்றுப் பொத்தானை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். ஒலி நலிந்திருந்தாலன்றிக் கம்பியின் மேல் ஐயம் கொள்ள வேண்டியதில்லை.

மூன்றாவது: ஒரு நிலையத்தின் அதிர்வெண்ணைப் பிறர்க்குக் கூறுகையில் மார்க்கின் அதிர்வெண்ணைக் கூறுவதே ரேடியோ டெலிடைப் வழக்கம். கருவியின் முகப்பில் தெரியும் எண் வேறாக இருக்கலாம். எப்.எஸ்.கே. என்னும் நிலையில் பல கருவிகள் மார்க்கையே காட்டும். கீழ் பக்கப்பட்டை நிலையில் அடக்கப்பட்ட ஊர்தி அலையைக் காட்டும். இரண்டுக்கும் இடையே 2.125 கிலோஹெர்ட்ஸ் வேறுபாடு. எதைக் கூறுகின்றோம் என்பதையும் சேர்த்துக் கூறுங்கள்.

நான்காவது: அனுப்புவோர் வரிசையின் எல்லையை மறத்தலாகாது. ஹாம்களின் வரிசை 14,000 கிலோஹெர்ட்ஸில் தொடங்குகின்றது. முகப்பில் 14,001 என்று பார்த்து நாம் உள்ளேதான் இருக்கின்றோம் என எண்ணிக் கீழ் பக்கப்பட்டையில் அனுப்பினால், மார்க் 13,998.875இல் விழும். அது எல்லைக்கு வெளியே, விதிமீறல்.

ஐந்தாவது: மிக உயர் அதிர்வெண் வரிசைகளில் அதிர்வெண் பண்பேற்றக் கருவி வழியே இவ்வொலிகளை அனுப்பினால் அங்கே பக்கப்பட்டைத் தலைகீழாக்கம் இல்லை. கொடுத்த ஒலியே மறுமுனையில் கேட்கும். ஆதலின் இருபுறமும் ஒரே ஒலிகளை ஒரே முறையில் கொள்ளுதல் வேண்டும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். அலைபரப்புவதற்கு நடுவண் அரசின் உரிமம் வேண்டும். தேர்வெழுதி அதனைப் பெறுதல் வேண்டும். அத்தேர்வு நம் பிள்ளைகளுக்கு எட்டாத கனி அன்று.

சொல்லப்படாத விதி

இனி, நம் நெஞ்சில் தங்கிவிட்ட ஒன்றைக் கூறி முடிக்கின்றோம்.

மார்க் உயர்ந்து நிற்பதால் அது மேலானதன்று. ஸ்பேஸ் தாழ்ந்து நிற்பதால் அது கீழானதன்று. இரண்டில் ஒன்றில்லையேல் ஓர் எழுத்தும் பிறவாது. எது மேலே இருப்பது என்பதை இயற்கை விதிக்கவில்லை. மனிதர் கூடி முடிவு செய்தனர். மாற்றி முடிவு செய்திருப்பினும் செய்தி இதே போல் சென்றிருக்கும். ஆயினும் உடன்பாடு என்று ஒன்று வேண்டும். அதனை அனைவரும் அறிந்திருத்தலும் வேண்டும். அறிந்தவர் சிலர், அறியாதவர் பலர் என்னும் நிலையில், அறியாதவரை அறிவிலர் என்று கூறுவது எளிதாகிவிடுகின்றது. அன்று நாமே அப்பிழையைச் செய்தோம். முப்பது ஆண்டுகளை நெருங்கும் ஆசிரியப் பணியில் எத்தனை பிள்ளைகளை இவ்வாறு எழுந்திருக்கச் சொல்லியிருப்போம் என்று எண்ணியபோது அன்றிரவு உறக்கம் வரவில்லை.

நம் வீடுகளில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் இத்தகைய சொல்லப்படாத விதிகளை நாள்தோறும் சந்திக்கின்றனர். எந்தப் படிவத்தை எந்த மாதத்தில் கொடுப்பது, சான்றிதழின் எத்தனை படிகளை எடுத்து வைப்பது, நேர்முகத் தேர்வில் எதைக் கேட்பர், விடுதிக்கு எப்போது விண்ணப்பிப்பது என்பனவற்றை வேறு வீடுகளில் தந்தையும் தமையனும் உணவு வேளையில் கூறிவிடுகின்றனர். நம் பிள்ளைக்குக் கூற ஆளில்லை. கூறாததனால் வந்த உளறலைப் பார்த்துத் தன் அறிவையே அவன் ஐயுறுகின்றான். ஐயுற வேண்டியது அறிவையன்று. எந்தப் பக்கப்பட்டை என்று கேட்காமல் விட்டதை.

எனவே இரு வேண்டுகோள்கள். இளைஞர்களே, புரியாதபோது கேளுங்கள். "இதை யார் முடிவு செய்தது? மாற்றி வைத்திருக்கின்றோமா?" என்று கேட்பது அறியாமையின் அடையாளமன்று; அறிவின் தொடக்கம். சங்கத்துப் பெரியோர்களே, நீங்கள் அறிந்த விதிகளை எழுதி வையுங்கள். நூலகச் சுவரில் ஒட்டி வையுங்கள். பின்வரும் பிள்ளை ஒருவன் ஒரு நாளையேனும் வீணாக்காமல் இருப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாம் அம்மாணவியின் வீட்டுக்கு ஆளனுப்பி அவளை வரவழைத்தோம். அனைவர் முன்னிலையிலும், "நீ கேட்டதுதான் சரி, அம்மா, பிழை நம்முடையது" என்று கூறி, அவளை மீண்டும் அதே நாற்காலியில் அமர்த்தினோம். அவள் பார்த்துக்கொண்டிருக்கையில் ஒரு நிலையம் 599 15 என்று அனுப்பிற்று. 15 என்பது போட்டிக்காக உலகைப் பிரித்த மண்டலங்களில் ஒன்று. இத்தாலி, போலந்து, அங்கேரி, பின்லாந்து ஆகிய நாடுகள் அதில் அடங்கும். அவள் சுவரிலிருந்த உலகப் படத்தில் அந்நாடுகளைத் தேடித் தேடித் தொட்டாள். சற்று நேரத்தில் இடையூறு ஒலி வந்தது. 'டி ஓ ஓ' என்று திரையில் ஓடிற்று. "ஐயா, இது 599தானே?" என்றாள்.

மாலையில் அவளே ஒரு தாளில், 'கீழ் பக்கப்பட்டை, மார்க் 2125, இடைவெளி 170, உளறினால் தலைகீழ் மாற்று' என்று தமிழில் எழுதி ஏற்பியின் மேல் ஒட்டினாள். அடுத்த ஆண்டு வந்த மாணவர்கள் அத்தாளைப் படித்துவிட்டுத்தான் கருவியைத் தொட்டனர். அவர்கள் எவரையும் நாம் எழுந்திருக்கச் சொல்லவில்லை.